சிகிச்சையும் சவுரியும்: மெலிந்த முடி எவ்வளவு பாரம் தாங்கும்?

என் முடி மெலிந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது ஒரு ரப்பர் பேண்டு. இரண்டு சுற்றில் இறுகி நின்றது, ஒரு நாள் மூன்றாவது சுற்று கேட்டது. அதற்கப்புறம்தான் குனிந்து கண்ணாடியில் வகிட்டைப் பார்த்தேன். கோடாக இருந்தது பட்டையாகியிருந்தது. கடுமையான காய்ச்சல் ஒன்று வந்து போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் காய்ச்சலுக்கும் இந்த உதிர்வுக்கும் தொடர்பு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், அடுத்த வாரமே சலூனில் போய் உட்கார்ந்து தலை முழுக்க ஒட்டுமுடி வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வைத்த அன்று கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல வாரங்கள் கழித்துத் தலை நிமிர்ந்து நடந்தேன். ஆறாவது வாரம், தலையணையில் சாய்ந்தால் காதுக்கு மேலே சுருக்கென்று வலிக்க ஆரம்பித்தது. கேட்டதற்கு, “போகப் போகப் பழகிடும்” என்றார்கள். பழகவில்லை. கழற்றிய அன்று பார்த்தால், வலித்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு முடியே இல்லை. சீக்கிரம் கழற்றியதால் அது மீண்டும் வளர்ந்தது. இன்னும் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். தலையில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. சலூனில் நீளம் கேட்கிறார்கள், நிறம் கேட்கிறார்கள். முடி ஏன் கொட்டுகிறது என்று கேட்பதில்லை. இருவரும் கை வைப்பது ஒரே மயிர்க்காலில். ஆகவே சிகிச்சையையும் ஒட்டுமுடியையும் ஒரே கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

கொட்டுவது வேறு, மெலிவது வேறு

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனிச் சுழற்சி. 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ச்சி. இரண்டு மூன்று வாரம் சுருங்கும் கட்டம். அப்புறம் சுமார் மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே குழியில் புதியது முளைக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 85 முதல் 90 சதவீத முடி வளர்ச்சியில் இருக்கும், மீதி பெரும்பாலும் ஓய்வில். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இந்தச் சுழற்சியின் சாதாரண வரவு செலவு.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தல், தாங்க முடியாத துக்கம் என்று உடம்பு ஓர் உலுக்கலைச் சந்தித்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமானவை ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் என்பதால் கொட்டுவதும் இரண்டு மூன்று மாதம் தள்ளியே வரும். அதனால்தான் உண்மையான காரணம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது, போன வாரம் மாற்றிய ஷாம்பூ மீது பழி விழுகிறது. டெலோஜென் எஃப்ளூவியம் என்பது இதன் மருத்துவப் பெயர். பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுவதும் இதுதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென் பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் ஒன்றாக விடைபெறுகிறது. காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும். மயிர்க்கால் சாவதில்லை. ஆனால் முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால், புதிதாக முளைத்தது தோளைத் தொட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

இன்னொரு வகை சத்தமே இல்லாமல் நடப்பது. சீப்பில் முடி நிறைய வராது, பேண்டு மட்டும் தளரும். பரம்பரையாக வரும் இந்த மெலிவில் முடி விழுவதைவிட முக்கியமானது, விழுந்த இடத்தில் முளைக்கும் அடுத்த முடி முந்தையதைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் வருவது. ஆண்களுக்கு இதன் பின்னணி தெளிவு: டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றுகிறது; அதற்கு மசியும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் சுருங்குகின்றன. நெற்றி ஏறுகிறது, உச்சி தெரிகிறது. பெண்களுக்குக் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும் பலருக்கும் வகிடு அகலுகிறது. முன்வரிசை முடி அப்படியே நிற்க, உச்சந்தலை மட்டும் மெலியும் இந்த அமைப்பை லுட்விக் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 1977-இல் மூன்று படிகளாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் அந்தப் படிகளைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. உதிர்ந்த முடி பத்தை எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெள்ளையாக, காய்ந்த ஒரு குமிழ் தெரிந்தால், அது ஓய்வு முடிந்து தானாக விழுந்த முடி. குமிழே இல்லாமல் இரண்டு முனையும் பிசிறடித்திருந்தால் முடி வேரோடு வரவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது. ப்ளீச், சூட்டுக் கருவி, ஈரத் தலையில் சிக்கெடுத்தது என்று காரணம் வேறு பக்கம். குமிழ் நிறத்தோடு இருந்து, அதைச் சுற்றிக் கண்ணாடிபோல் வழுவழுப்பான ஓர் உறை ஒட்டியிருந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியைப் பிடுங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இந்த மூன்றாவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டுமுடிப் பேச்சில் திரும்ப வரும்.

வட்ட வட்டமாக வழவழவென்று முடி போவது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. எரிச்சல், வலி, செதில், குழித் தடமே இல்லாத பளபளப்பான தோல் ஆகியவை தென்பட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது வடு விழும் வகையாக இருக்கலாம். வடு விழுந்த இடத்தில் முடியைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. அந்தத் தலையில் ஒட்டுமுடி வைத்து மறைப்பது நோயை மறைப்பதாக முடியும்.

மருந்து நாள் கணக்கில் வேலை செய்யாது

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு: இந்த மூன்றில் எது சரியில்லை என்றாலும் அதைச் சரி செய்யாமல் மேலே பூசும் எதுவும் முழுப் பலன் தராது. தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியால் உச்சந்தலையையும் பின்தலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்; தடித்த முடிக்கும் மெல்லிய முடிக்கும் நடுவே கலவை அதிகமாக இருந்தால் பரம்பரை மெலிவு என்று புரிந்துவிடும்.

பரிசோதனைக்கு முன்னாலேயே பயோட்டின் மாத்திரையை வாங்கி விழுங்க ஆரம்பிப்பவர்கள் ஏராளம். பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரமும் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு சோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

பரம்பரை மெலிவுக்கு அதிகம் பயன்படும் மருந்து மினாக்சிடில். இது ரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் வேண்டாத இடமெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் பூசும் திரவமாக்கினார்கள். 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வளர்ச்சிக் கட்டத்தை நீட்டுவதும் சுருங்கிய மயிர்க்காலைக் கொஞ்சம் தடிக்க வைப்பதும் இதன் வேலை.

இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. பூச ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் வரும் உதிர்வு அது. பயந்துபோய் அந்த வாரத்திலேயே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முடிக்காக மருந்து பூசி, கை நிறைய முடி வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிய நான்கு முதல் ஆறு மாதமாகும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். தொடர முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பிப்பதே நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மருந்து பட்ட தலையணையை நக்கினால்கூட அதன் உயிருக்கு ஆபத்து.

ஆண்களுக்கு ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரை 1997 முதல் அனுமதியில் இருக்கிறது, டி.எச்.டி.யைக் குறைக்கும். பாலுறவு நாட்டம் குறைவது, மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகள் சிலருக்கு வரும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. பெண்கள் சிலருக்கு, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை தருகிறார்கள். அதுவும் கர்ப்பத்துக்கு ஆகாது. நம் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிலருக்கு உதவுகிறது, ஆனால் செய்யும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் மாறுகிறது. புழுவெட்டு கடுமையாக இருப்பவர்களுக்கு 2022-இல் பாரிசிட்டினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பல ஆண்டு தவித்தவர்களுக்கு அது பெரிய திருப்பம். முடி நடவு செய்ய பின்தலையில் கெட்டியான முடி மிச்சம் இருக்க வேண்டும். தலை முழுக்கப் பரவலாக மெலிந்தவர்களுக்கு எடுத்து நட எதுவும் இருக்காது.

எப்படிக் கணக்குப் போட்டாலும் மருந்துக்கும் பலனுக்கும் நடுவே ஆறு மாதம் நிற்கிறது. அந்த ஆறு மாதமும் வேலைக்குப் போக வேண்டும், விசேஷத்துக்குப் போக வேண்டும், புகைப்படத்தில் நிற்க வேண்டும். ஒட்டுமுடியின் தேவை இங்கேதான் பிறக்கிறது. அதை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

எங்கே மெலிந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி

சவுரி என்ற சொல் நம் மொழியில் வெகு காலமாக இருக்கிறது. பின்னலோடு சேர்த்துப் பின்னுவதாக இருந்த அது இப்போது கிளிப், டேப், கெரட்டின் என்ற புரதத்தின் பெயரில் வரும் பசை ஒட்டு, உலோக வளையம், தையல் என்று பல உருவம் எடுத்திருக்கிறது. இறுகப் பின்னிய முடியின்மேல் வைத்துத் தைக்கும் முறைக்கு 1952-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி.

இத்தனை வகைகளுக்கும் பொதுவான ஓர் உண்மையைக் கடைசி வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டுமுடி நீளத்தைத் தரும், கீழ்ப்பகுதியின் அடர்த்தியைத் தரும், உச்சந்தலையை மூடாது. ஒட்டு இருக்கும் இடம் வெளியே தெரியாமலிருக்க அதன் மேலே நம் சொந்த முடி ஓர் அடுக்கு விழ வேண்டும். வகிட்டில்தான் முடி இல்லை என்றால் எதை வைத்து மறைப்பது? வகிடு அகன்றவர் பின்தலையில் நூறு இழை ஒட்டினாலும் வகிடு அகன்றேதான் இருக்கும்; கீழே அடர்த்தி கூடியதால் மேலே உள்ள வெறுமை இன்னும் எடுப்பாகத் தெரியும். உச்சி மெலிந்தவருக்குத் தேவை டாப்பர் என்று சொல்லப்படும் உச்சி விக். மெல்லிய வலைத்துணியில் முடி கோத்து, ஓரங்களில் சின்னக் கிளிப்களோடு வரும். அந்தக் கிளிப்கள் மெலிந்த இடத்தைத் தாண்டி, நல்ல முடி இருக்கும் இடத்தில் கடிக்க வேண்டும். அதனால் வாங்கும்போது நிறத்துக்கு முன்னால் அடிப்பாகத்தின் அளவைப் பாருங்கள். லேசான மெலிவுக்கு அதுகூட வேண்டாம். வகிட்டில் தூவும் கெரட்டின் இழைப்பொடி நிலைமின்சாரத்தால் முடியில் ஒட்டிக்கொண்டு நாளை ஓட்டிவிடும்.

இப்போது பாரம். நடுத்தரத் தடிமனில் ஒரு லட்சம் முடி, 30 செ.மீ. நீளம் என்று வைத்தால், மொத்த எடை ஏறத்தாழ 150 கிராம் வரும். முழுத் தலைக்கு வைக்கும் ஒட்டுமுடி 100 முதல் 200 கிராம். அதாவது தலை தன் எடையளவுக்கு இன்னொரு மடங்கைச் சுமக்கிறது. சொந்த முடியின் எடை ஒரு லட்சம் வேர்களில் பிரிந்து நிற்கிறது. ஒட்டுமுடியின் எடையோ ஒட்டிய இடங்களில் அகப்பட்ட முடிகளில் மட்டும் தொங்குகிறது. நனைந்தால் இன்னும் கூடும்.

அகப்பட்ட முடி மெலிந்த முடியாக இருந்தால்? முடியின் விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால்பங்காகிவிடும், தாங்கும் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். மூடி மறைக்க வேண்டும் என்று நாம் ஏங்கும் முடிதான் பாரம் தாங்கத் தகுதியே இல்லாத முடி. ஒட்டும் இழை, அது பிடித்திருக்கும் சொந்த முடிக் கொத்தைவிடக் கனமாக இருக்கக்கூடாது. காதோரம், நெற்றியோரம், பிடரி விளிம்பு ஆகிய இடங்களில் முடி இயல்பாகவே மெல்லியது, அங்கே வைக்கவே கூடாது. எனக்குப் போனது அங்கேதான்.

கழற்றி மாட்டக்கூடிய கிளிப்பும், மெல்லிய கம்பியில் தலையைச் சுற்றி உட்காரும் ஹேலோவும் இரவில் வேருக்கு ஓய்வு தருகின்றன. மெலிந்த தலைக்கு என் முதல் சிபாரிசு இவைதான். ஆனால் கிளிப்பைத் தினமும் அதே இடத்தில் குத்தினால் அதே இடம் தேயும். டேப் எடையைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பும். ஆறு முதல் எட்டு வாரத்தில் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். கெரட்டின் ஒட்டு மூன்று நான்கு மாதம் நிற்கும் என்பார்கள். அதற்குள் வேரிலிருந்து மூன்று நான்கு செ.மீ. வளர்ந்து, ஒட்டு கீழே இறங்கி, திரும்பும் பக்கமெல்லாம் முறுக்கி இழுக்கும். இறுகப் பின்னி அதன்மேல் தைப்பது மெலிந்த தலைக்கு வேண்டாம். அடிக்கடி நேரும் இழுவையால் முடி போவதற்கு டிராக்ஷன் அலோபீசியா என்று பெயர். ஆரம்பத்தில் நிறுத்தினால் மீளும், ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வடு விழுந்து நிரந்தரமாகும்.

வாங்கும் முடியைப் பற்றிச் சுருக்கமாக: ரெமி என்று விற்கும் மனித முடியில் செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் இருக்கும், சிக்கு குறைவு. செயற்கை முடி லேசானது, விலை குறைவு, ஆனால் சூடு தாங்கும் ரகமாக இல்லாவிட்டால் அயர்ன் பட்டதும் உருகிவிடும். மெலிந்த தலைக்கு லேசாக இருப்பதே பெரிய தகுதி என்பதால் செயற்கை டாப்பரைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்றாக இருக்கும் காலம்

மினாக்சிடில் பூசுபவர் நிரந்தர ஒட்டு வைத்தால் மருந்து போய்ச் சேர வேண்டிய தோலை ஒட்டு மறித்துவிடும். திரவ வகையில் இருக்கும் ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் டேப்பின் பசையை இளக்கும், எண்ணெயும் அப்படியே. மருந்தைக் காலையும் இரவும் தோலில் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டக்கூடிய கிளிப் வகையோ டாப்பரோதான் சிகிச்சையோடு ஒத்துப்போகும். வட்டமாக முடி போயிருக்கும் இடத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதுவே வழி. பசையில் இருக்கும் அக்ரிலேட் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்பு, கொப்புளம், நீர் வடிதல் வந்தால் மாற்று இழைக்கு அலைய வேண்டாம், அன்றே கழற்றுங்கள்.

காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொட்டிக்கொண்டிருக்கும்போது எதையும் ஒட்டாமல் காத்திருங்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓய்வுக்குப் போய்விட்ட முடியில் ஒட்டிய இழை, அந்த முடியோடு சேர்ந்து விழத்தான் போகிறது. விழும்வரை அதன் பாரம் பக்கத்து முடிகளுக்கு மாறும். கொட்டுவது அடங்கி, வகிட்டோரம் விரல் நீளத்துக்குக் குட்டி முடிகள் விறைத்து நிற்பதைப் பார்த்த பிறகு யோசிக்கலாம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் ஒட்டுமுடி ஏற்றதில்லை, மென்மையான அடிப்பாகம் உள்ள விக்தான் நிம்மதி.

வைக்கும் நாளன்று புருவத்தை உயர்த்திப் பாருங்கள், தலையை மார்புவரை குனியுங்கள், இரண்டு பக்கமும் திருப்புங்கள். எங்கேயாவது சுருக்கென்றால் அந்த இழையை அங்கேயே கழற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். வலி பழகுவதற்காக வருவதில்லை. வேர்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவந்த பொரிகள் வந்தால் இழுவை ஆரம்பித்துவிட்டது.

கழற்றும் நாளில் கையில் ஒரு முடிப்பந்து வரும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தினம் 50 என்று குறைத்துப் போட்டாலும் எட்டு வாரத்தில் தலை முழுக்க 2,800 முடி தானாக விழுந்திருக்கும். ஒட்டுக்குள் அகப்பட்டவை எங்கும் போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, அன்றைக்கு மொத்தமாக வெளியே வருகின்றன. கரைப்பானை நன்றாக ஊறவிட்டு, பிடித்து இழுக்காமல் கழற்றச் சொல்லுங்கள். பந்திலிருந்து பத்திருபது முடியைப் பிரித்துக் கறுப்புத் துணியில் பரப்புங்கள். வெள்ளைக் குமிழ்கள் என்றால் வழக்கமான உதிர்வு. சில வாரம் தலையை ஆறப்போட்டுவிட்டு, முன்பு வைத்த இடத்திலிருந்து தள்ளி மறுபடி வைக்கலாம். பிசிறடித்த முனைகளும், நிறமுள்ள குமிழைச் சுற்றிய வழுவழுப்பான உறைகளும் அதிகமாகத் தெரிந்தால், அடுத்த முன்பதிவை ரத்து செய்துவிட்டு, அந்த முடிகளைத் துணியோடு மடித்துத் தோல் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.